வீட்டில் கார் பிரேக்குக்கு ஏர் எடுப்பதும் பிரேக் சத்தத்தைக் கண்டுபிடிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைத் தாங்களே கவனித்துக்கொள்ளும் நண்பர்கள் பிரேக் பற்றி என்னிடம் பேச வந்தால், பேச்சு இரண்டில் ஒன்றாகத்தான் ஆரம்பிக்கும். “பெடல் மெத்தென்று போகிறது” என்பது ஒன்று. “பிரேக் போட்டால் சத்தம் வருகிறது” என்பது இன்னொன்று. இரண்டுக்குமே “ஏர் எடுத்துப் பார்க்கட்டுமா?” என்று கேட்டுவிடுகிறார்கள். ஏர் எடுப்பது என்றால் பிரேக் ஆயிலுக்குள் மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்றுவது. முதல் கோளாறு காலில் தெரிவது; பெரும்பாலும் ஆயில் ஓடும் பக்கத்தில் இருக்கும். அடுத்தது காதில் விழுவது; சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தகடும் அதை இறுக்கிப் பிடிக்கும் பேடும் உரசுகிற பக்கத்தில் இருக்கும். கீழே வரும் பதில்களையும் அந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன்.

ஏர் எடுத்தால் பிரேக் சத்தம் நிற்குமா?

நிற்காது. ஆயிலில் காற்று இருந்தால் பெடல் தளரும், அவ்வளவுதான், அது கீச்சிடாது. சத்தம் மட்டும்தான் உங்கள் புகார் என்றால் முதல் பாதியைத் தாண்டி நேராகச் சத்தம் பற்றிய கேள்விகளுக்குப் போய்விடுங்கள்.

பெடல் மெத்தென்று போவதற்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம்?

ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சில் தண்ணீரை முழுக்க நிரப்பி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி நிற்கும். அடுத்து, உள்ளே ஒரே ஒரு காற்றுக் குமிழை விட்டு மறுபடி அழுத்துங்கள். குமிழ் சுருங்கிக் கொடுக்கும். விட்டால் பழைய அளவுக்கு விரியும். உங்கள் கால் பெடலில் உணர்வது அந்தச் சுருக்கத்தைத்தான். நீங்கள் மிதிக்கும் தூரத்தில் ஒரு பகுதி பேடை நகர்த்தாமல் குமிழை நசுக்குவதிலேயே போய்விடுகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் பிரேக் லைனுக்குள் காற்று தானாக வராது. காலிப்பர் (பேடை டிஸ்க் மேல் அழுத்தும் உறுப்பு) மாற்றினோம், டியூபைக் கழற்றினோம், ரிசர்வாயர் (பிரேக் ஆயில் ஊற்றும் டப்பா) வற்ற விட்டோம் என்று ஏதாவது நடந்திருந்தால்தான் வரும். யாருமே கை வைக்காத காரில் பெடல் திடீரெனத் தளர்ந்தால், ஏர் எடுப்பதற்கு முன்பு ஆயில் எங்கே கசிகிறது என்று தேடுங்கள். கசிவை விட்டுவிட்டு ஏர் எடுத்தால் பெடல் சில நாள் நன்றாக இருக்கும். அந்த நம்பிக்கையில் வேகமாகப் போகும்போதுதான் அது காலை வாரும்.

பெடலை மிதித்துப் பார்த்தே கோளாறைச் சொல்லிவிட முடியுமா?

பெருமளவுக்கு முடியும். என்ஜினை ஓட விட்டு, காரை நிறுத்திய இடத்திலேயே அவசரமில்லாமல் மிதித்துப் பாருங்கள்.

முதல் மிதியில் பஞ்சு மாதிரி இருந்து, நாலைந்து முறை தொடர்ந்து மிதித்தால் மேலே ஏறி வருகிறதா? காற்று இருக்க வாய்ப்பு அதிகம். முதல் மிதியில் ஆழமாகப் போனாலும் கீழே போய்க் கெட்டியாக நிற்கிறது, மிதிக்க மிதிக்க உயரம் கூடுகிறது என்றால், பின் சக்கர டிரம்மில் (டிஸ்க்குக்குப் பதிலாக உருளைக்குள் ஷூ விரிந்து பிடிக்கும் பிரேக்) ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகியிருக்கலாம். அங்கே அட்ஜஸ்டரைச் சரிசெய்தால் போதும்.

காலை ஒரே அழுத்தத்தில் வைத்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், ஒன்று வெளியே கசிகிறது, இல்லையென்றால் பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் சீல் ஆயிலைத் தாண்ட விடுகிறது. வெளியே எங்கும் ஈரம் இல்லை, ரிசர்வாயர் மட்டமும் குறையவில்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டர்தான். அந்தக் காரை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போகாதீர்கள்.

பெடல் கட்டை மாதிரி இறுகி, எவ்வளவு மிதித்தாலும் கார் மெதுவாகத்தான் நிற்கிறது என்றால், மிதிக்கும் பலத்தைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டரைச் சோதியுங்கள். என்ஜினை அணைத்து, பெடல் இறுகும் வரை சில முறை மிதியுங்கள். மிதித்தபடியே என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாமல் இருந்தால் வேக்யூம் டியூப், வால்வு, பூஸ்டர் மூன்றில் ஒன்றில் கோளாறு.

நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்த பிறகு பெடல் தரை வரை போய், வண்டி ஆறியதும் மறுபடி சரியாகிவிட்டதா? ஆயிலில் இருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகியிருக்கிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

பிரேக் ஆயிலை ஏன் அடிக்கடி மாற்றச் சொல்கிறார்கள்? அது தீர்ந்துபோகும் பொருள் இல்லையே?

ஆயில் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அதில் எண்ணெய்த் தன்மையே கிடையாது. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகைத் திரவங்கள். காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது அவற்றின் குணம். ரப்பர் டியூப் வழியாகவும் மூடி வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதே திரவத்தில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த எல்லை 155 டிகிரிக்கு வந்துவிடுகிறது. டாட் 3 என்றால் 205-லிருந்து 140. டாட் 5.1 என்றால் 260-லிருந்து 180. கொதித்தால் வருவது நீராவி. அதுவும் காற்றைப் போலவே நசுங்கும். தண்ணீரால் சிலிண்டருக்குள் துருவும் பிடிக்கும்.

அதனால் பல கார் நிறுவனங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. உங்கள் கார் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும் ஆயிலிலும் ஈரம் ஏறியிருக்கலாம்.

டாட் 4-க்குப் பதில் டாட் 5 ஊற்றலாமா? எண் பெரியது, இன்னும் நல்லதுதானே?

ஊற்றவே கூடாது. டாட் 5 சிலிகான் வகை. மற்ற மூன்றோடும் கலக்காது. டாட் 5.1 என்பது பெயரில்தான் அதற்குச் சொந்தம், குணத்தில் டாட் 4-க்குச் சொந்தம். ரிசர்வாயர் மூடியின் மேலேயே எந்த வகை என்று அச்சிட்டிருப்பார்கள். அதை ஊற்றுங்கள்.

ரிசர்வாயரில் மட்டம் குறைந்திருக்கிறது. ஊற்றி நிரப்பிவிடட்டுமா?

முதலில் பேடைப் பாருங்கள். பேடு தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், ரிசர்வாயரில் அவ்வளவு குறையும். இது இயல்பு. இப்போது நிரப்பி வைத்துவிட்டு, அடுத்த மாதம் புதுப் பேடு போடப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் அதிகமான ஆயில் மூடி வழியே பொங்கி வழியும். பெயின்ட் மேல் பட்டால் அதை அரித்துவிடும். பட்டுவிட்டால் துணியால் துடைத்துவிட்டு விடாதீர்கள். உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பேடு புதிதாக இருந்தும் மட்டம் குறைந்தால் கசிவு.

ஏர் எடுக்க என்னென்ன வேண்டும்?

நிப்பிளுக்கு (ஒவ்வொரு சக்கரத்துப் பிரேக்கிலும் ஆயிலையும் காற்றையும் வெளியே விடத் திறக்கும் திருகு) சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பானர், நிப்பிள் மேல் இறுக்கமாக மாட்டும் தெளிவான பிளாஸ்டிக் டியூப், உள்ளே இருப்பது வெளியே தெரியும் பாட்டில், மூடி திறக்காத புது ஆயில். ஆயில் பெரும்பாலான கார்களுக்கு ஒரு லிட்டர் போதும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் தெறித்தால் எரிச்சல் தாங்காது.

ஜாக்கி ஸ்டாண்டு இல்லாமல் சக்கரத்தைக் கழற்றாதீர்கள். ஜாக்கி காரைத் தூக்குவதற்கு மட்டும். தாங்கிப் பிடிப்பதற்கு அல்ல. சமதளமாக, கெட்டியாக இருக்கும் தரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்த பிறகுதான் தூக்க வேண்டும். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

எந்தச் சக்கரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் ஆரம்பித்து, கிட்டத்தில் இருப்பதில் முடிப்பது பொதுவான பழக்கம். ஆனால் பல கார்களில் லைன் குறுக்காகப் பிரிந்திருக்கும். ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் ஒரு ஜோடி. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள சில கார்களுக்கு வரிசையே வேறு. கையேடு சொல்வதுதான் கடைசி வார்த்தை.

இரண்டு பேர் சேர்ந்து எப்படி எடுப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் ரிசர்வாயரில் இருக்கும் பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஆயில் நிரப்புங்கள். அடியில் இருக்கும் துவாரம் தெரியும் அளவுக்கு வற்ற விடாதீர்கள். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். பழைய காரில் பெடல் தினமும் போகாத ஆழத்தில் சிலிண்டர் சுவரில் துருவும் படிவும் இருக்கும். தரை வரை மிதித்தால் சீல் அதில் உரசிக் கிழியும். நேற்று வரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஏர் எடுத்த மறுநாள் கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஒருவர் உள்ளே பெடலில். ஒருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில். நிப்பிளின் ரப்பர் மூடியைக் கழற்றி, சுற்றியுள்ள மண்ணைத் துடைத்து, முதலில் ஸ்பானரையும் அப்புறம் டியூபையும் மாட்டுங்கள். டியூபின் மறுமுனை பாட்டிலில் இருக்கும் ஆயிலுக்குள் முழுகியிருக்க வேண்டும்.

கீழே இருப்பவர் “அமுக்கு” என்கிறார். உள்ளே இருப்பவர் மெதுவாக மிதித்து அழுத்திப் பிடித்து “பிடிச்சாச்சு” என்கிறார். நிப்பிளைக் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று திறக்கிறோம். பெடல் கீழே போகும். காலை எடுக்காமல் “கீழே போச்சு” என்று குரல் வந்ததும் நிப்பிளை மூடுகிறோம். அதன் பிறகுதான் “விடு”. இந்த ஒரு வரிசைதான் முழு வேலையும். நிப்பிள் திறந்திருக்கும்போது கால் மேலே வந்தால், வெளியே போன காற்று அப்படியே திரும்பி உள்ளே போகும். அதனால் இருவரும் ஒரே சொற்களை, ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்லிக்கொள்ளுங்கள். தலையாட்டினால் காருக்கு அடியில் இருப்பவருக்குத் தெரியாது.

டியூபைக் கவனித்துக்கொண்டே இருங்கள். முதலில் பழுப்பாக வரும். திடீரென்று விரல் அகலத்துக்கு ஒரு பெரிய குமிழ் வழுக்கிக்கொண்டு போகும். அதன் பின்னால் குண்டூசித் தலை அளவில் குமிழ்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். கொஞ்ச நேரத்தில் அவை நின்று, நிறம் வெளுத்து, டியூபில் ஆயில் இருக்கிறதா என்றே சந்தேகம் வருமளவுக்குத் தெளிவாகிவிடும். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை எடுத்துவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போங்கள்.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை ரிசர்வாயரை எட்டிப் பாருங்கள். அது வற்றிவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

உதவிக்கு ஆள் இல்லை. தனியாகச் செய்ய முடியுமா?

முடியும். ரிசர்வாயரின் மேல் மாட்டி அழுத்தம் கொடுக்கும் பம்பு இருந்தால் அதுதான் எனக்குப் பிடித்த முறை. சுமார் 1 பார் அழுத்தம் போதும், அதிகம் வேண்டாம். நிப்பிள் பக்கத்திலிருந்து உறிஞ்சும் வேக்யூம் பம்பும் வேலை செய்யும். ஆனால் அதில் நிப்பிள் மரையைச் சுற்றி வெளிக்காற்று கசிந்து வந்து, டியூபில் சின்னக் குமிழ்கள் நிற்காமல் தெரிந்துகொண்டே இருக்கும். லைனுக்குள் இன்னும் காற்று இருக்கிறது என்று நினைத்துப் பலர் லிட்டர் கணக்கில் வீணாக்குகிறார்கள். அப்போது குமிழை விட்டுவிட்டுப் பெடலை நம்புங்கள். பம்பு எதுவுமே இல்லையென்றால் நிப்பிளைத் திறந்து வைத்துத் தானாகச் சொட்ட விடலாம். நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

நிப்பிள் திரும்ப மறுக்கிறது.

பலம் காட்டாதீர்கள். நிப்பிள் நடுவில் துளை உள்ள சின்னத் திருகு, சட்டென்று முறிந்துவிடும். முறிந்தால் காலிப்பரையே மாற்றும் நிலை வரலாம். முந்தைய நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். ஸ்ப்ரே டிஸ்க்கிலும் பேடிலும் படாமல் துணியால் மறைத்துக்கொள்ளுங்கள். காலையில் நிப்பிளின் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டி, ஆறுபக்கச் சாக்கெட்டால் முதல் அசைவைக் கொடுங்கள். திறக்கும் திசையில் மட்டும் இழுக்காமல், கொஞ்சம் இறுக்கும் திசையிலும் அசைத்து அசைத்துக் கொண்டு வர வேண்டும்.

மூடும்போதும் அதே கவனம் வேண்டும். மணிக்கட்டு பலத்தில் இறுக்கினால் போதும்.

இரண்டு பாட்டில் ஆயில் போயும் பெடல் கெட்டியாகவில்லை. ஏன்?

இது எனக்கே நடந்தது. இரண்டு முன் காலிப்பர்களையும் மாற்றிவிட்டு ஏர் எடுத்தேன். டியூபில் ஒரு குமிழ்கூட இல்லை. பெடல் மட்டும் பஞ்சு. மாலை வரை எடுத்தேன். வெளிச்சம் மங்கிய நேரத்தில் டார்ச்சைக் காலிப்பர் மேல் அடித்தபோதுதான் நிப்பிள் கீழ்ப்பக்கம் இருப்பது கண்ணில் பட்டது. இடதையும் வலதையும் மாற்றி மாட்டியிருந்தேன். காற்று மேலேதான் நிற்கும்; நிப்பிள் கீழே இருந்தால் ஆயில் மட்டும் வெளியே வரும், காற்று மேலே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். இடம் மாற்றி மாட்டியதும் இருபது நிமிடத்தில் பெடல் கல்லானது. காலிப்பர் மாட்டினால் நிப்பிள் மேலே இருக்கிறதா என்று இப்போதெல்லாம் போல்ட் இறுக்கும் முன்பே பார்த்துவிடுகிறேன்.

வேறு காரணங்களும் உண்டு. பழைய ரப்பர் டியூப் அழுத்தத்தில் பலூன் மாதிரி உப்பும். ஒருவர் மிதிக்க இன்னொருவர் டியூபைப் பிடித்துப் பார்த்தால் தெரியும். காலிப்பர் வழுக்கி நகர உதவும் ‘பின்’ என்ற கம்பி இறுகி, பேடு சாய்வாகத் தேய்ந்திருந்தாலும் பெடல் மெத்தென்றிருக்கும். புது மாஸ்டர் சிலிண்டர் என்றால், காரில் மாட்டுவதற்கு முன்பு மேசையிலேயே அதற்குத் தனியாக ஏர் எடுத்திருக்க வேண்டும்.

ஏபிஎஸ் உள்ள காரில் வீட்டிலேயே செய்யலாமா?

ரிசர்வாயர் வற்றாமல் ஆயில் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் பெரும்பாலான கார்களில் வழக்கமான முறையே போதும். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால், அதன் வால்வுகளையும் பம்பையும் ஸ்கேன் கருவியால் இயக்கித்தான் எடுக்க முடியும்.

ஹைபிரிட் கார்களையும் மின்சாரக் கார்களையும் பொறுத்தவரை என் கருத்து கண்டிப்பானது: அந்த மாடலின் சர்வீஸ் முறை கையில் இல்லாமல் தொடாதீர்கள். சிலவற்றில் கதவைத் திறந்தாலே பிரேக் பம்பு ஓடி அழுத்தம் ஏற்றும். அந்த நேரம் உங்கள் விரல் காலிப்பருக்குள் இருக்கக் கூடாது.

தவறுதலாக என்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றிவிட்டேன்.

காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், பெடலைத் தொடாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர்கள் ஊதிப் பெருத்து இளகிவிடும். ரிசர்வாயரைத் தாண்டிப் போகவில்லை என்றால் ரிசர்வாயரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாற்றுவதோடு தப்பிக்கலாம். பெடல் மிதித்துவிட்டீர்கள் என்றால் ரப்பர் இருக்கும் எல்லா உறுப்பும் மாற்ற வேண்டியதுதான். பழைய கார் வாங்கும்போது ரிசர்வாயர் மூடியின் உள்ளே இருக்கும் ரப்பரைப் பாருங்கள். ஊதி நெளிந்து, மூடிக்குள் பொருந்தாமல் இருந்தால் யாரோ எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சரி, சத்தத்துக்கு வருவோம். எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதுங்கள். பிரேக் மிதித்தால் வருகிறதா, மிதித்தால் நிற்கிறதா? முன்னே போகும்போதா, ரிவர்சிலா? காலையில் முதல் சில பிரேக்கில் மட்டுமா, சூடானதும் வருகிறதா? சக்கர வேகத்தோடு கூடிக் குறைகிறதா? ஒருபக்கம் சுவர் உள்ள இடத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினால், சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும். இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காமல் நேராகப் பேடு வாங்கப் போய்விடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். புதுப் பேடு போட்டும் அதே சத்தம் என்று வருகிறவர்கள் பலர்.

மெல்லிய கீச்சுச் சத்தம். பேடு தீர்ந்துவிட்டதா?

இருக்கலாம். பல பேடுகளில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேடு குறிப்பிட்ட அளவுக்குத் தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். ஓடும்போது வந்து, மிதித்தால் மாறுகிற அல்லது நின்றுவிடுகிற கீச்சு என்றால் பெரும்பாலும் அதுதான். உராயும் பகுதி 3 மி.மீ. வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். வெளிப் பேடை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பின் இறுகிய காலிப்பரில் உள் பேடு இரும்பு வரை போயிருக்கும். வெளியே பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்.

பேடு தடிமனாக இருந்தும் மிதிக்கும்போது கீச்சிட்டால் அது அதிர்வு. வயலின் தந்தியில் வில் பிடித்துப் பிடித்து நழுவுவது போல, பேடு டிஸ்க்கைப் பற்றி விட்டு, பற்றி விட்டு அதிர்கிறது. பேடின் முதுகில் இருக்கும் ஷிம் தகடு விழுந்திருக்கிறதா, கிளிப்புகள் துருவேறித் தளர்ந்திருக்கின்றனவா, பேடின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மின்னுகிறதா என்று பாருங்கள். இவற்றைச் சரிசெய்தால் பெரும்பாலும் அடங்கும். சில கடினமான பேடுகள் என்ன செய்தாலும் குளிரில் கொஞ்சம் பாடும். பிடிப்பு நன்றாக இருந்தால் அதை விட்டுவிடலாம்.

மழைக்கு மறுநாள் காலையில் கரகரவென்று உரசுகிறது.

டிஸ்க்கில் மெல்லிய துரு. நாலைந்து பிரேக்கில் போய்விடும். போகவில்லை என்றால்தான் அடுத்த கேள்வி.

கர்ரென்று இரும்பும் இரும்பும் அரைக்கிற சத்தம்.

ஓட்டாதீர்கள். பேடு முழுக்கத் தீர்ந்து அதன் இரும்புத் தகடு டிஸ்க்கை அரைக்கிறது. பிரேக் பிடிக்கும் தூரம் கூடிவிடும், டிஸ்க் வீணாகும், பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்துவிடும். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுவிலோ குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். அளந்து பார்த்து, அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கும் புதிது போட வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து.

பிரேக் போடும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம்.

முன்னே போய்விட்டு ரிவர்ஸ் எடுத்து முதல் பிரேக் போடும்போது மட்டும், ஒரே ஒரு முறை என்றால், பேடு தன் கூட்டுக்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்கிறது. லேசாக இருந்தால் கவலையில்லை. ஒவ்வொரு பிரேக்கிலும் ஓங்கி வந்தால் காலிப்பர் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். அது சரியாக இருந்தால் தேய்ந்த பின், காணாமல் போன கிளிப், அப்புறம் சஸ்பென்ஷன் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர்). கன்ட்ரோல் ஆர்ம் புஷ் போன காரில் இந்தச் சத்தம் அச்சு அசலாகப் பிரேக் சத்தம் போலவே கேட்கும்.

பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

“டிஸ்க் பெண்டு” என்று எல்லோரும் சொல்கிறோம். பெரும்பாலும் அது வளைவதில்லை. தடிமன் இடத்துக்கு இடம் மாறுகிறது. பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே சீராக ஒட்டாமல் திட்டுத் திட்டாக ஒட்டினாலும், டிஸ்க்கின் பின்னால் ஹப்பில் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதி) துரு இருந்து டிஸ்க் துளி சாய்ந்து உட்கார்ந்தாலும் இப்படி ஆகும். ஒரு மி.மீ.யின் நூற்றில் இரண்டு பங்கு வித்தியாசமே காலுக்கும் கைக்கும் தெரிந்துவிடும். ஸ்டீயரிங் ஆடினால் முன் சக்கரம், சீட்டில் அதிர்ந்தால் பின் சக்கரம் என்று தொடங்குங்கள். புது டிஸ்க் போடும்போது ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் பளபளவென்று தேய்த்துவிட்டு மாட்டுங்கள். சக்கர நட்டுகளைக் குறுக்கு மறுக்காகச் சம அளவில் இறுக்குங்கள்.

சறுக்கும் தரையில் ஓங்கி மிதிக்கும்போது பெடல் உதறி டரரென்று வந்தால் அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது. காலை எடுத்துவிடாதீர்கள்.

பிரேக்கே போடவில்லை, ஆனாலும் உரசும் சத்தம்.

டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு வளைந்து தொடுகிறதா, அதற்குள் கல் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விரலால் வளைத்தால் தீர்ந்துவிடும். அது இல்லையென்றால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கேதான் கோளாறு. ஆறிய பிறகு அந்தச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் நிப்பிளைத் துளி திறங்கள். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் திரும்பிப் போகாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே அடைத்துப்போன ரப்பர் டியூப் முதல் சந்தேகம். திறந்தும் விடுபடவில்லை என்றால் பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கிறது.

கிரீஸ் எங்கே தடவலாம்?

பிரேக்குக்கென்று வரும் சிலிகான் அல்லது செராமிக் கிரீஸ் மட்டும். காலிப்பர் பின்னில், பேடின் காதுகள் உட்காரும் இடத்தில், பேடின் முதுகில் பிஸ்டன் தொடும் இடத்தில். மெல்லிய பூச்சு போதும். சாதாரணக் கிரீஸ் பின்னின் ரப்பரை ஊத வைத்து அதை இறுக்கிவிடும். டிஸ்க்கிலோ பேடின் முகத்திலோ ஒரு துளியும் படக் கூடாது. பிரேக் ஆயிலோ கிரீஸோ ஊறிய பேடைக் கழுவிப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், மூச்சில் போகும். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

வேலை முடிந்ததும் எப்படிச் சோதிப்பது?

நகர்த்துவதற்கு முன்பு பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். புதுப் பேடு போட்ட காரில் முதல் சில மிதி நேராகத் தரைக்குப் போகும். இதை மறந்து கியர் போட்டால் சுவரில்தான் நிற்கும். கெட்டியானதும் அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள், இறங்கக் கூடாது. அப்படியே இன்னொருவர் நான்கு நிப்பிளையும் விரலால் தடவி ஈரம் பார்க்கட்டும். அப்புறம் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நடக்கும் வேகத்தில் இரண்டு முறை, கொஞ்சம் வேகத்தில் சில முறை. புதுப் பேடு என்றால் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, இடையில் ஆற விட்டு, பத்து முறையாவது செய்யுங்கள். முழுக்க நிறுத்திச் சூடான டிஸ்க்கில் பேடை அழுத்தி வைக்காதீர்கள்.

வடித்த ஆயிலை மறுபடி ஊற்றாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். மூடி போட்ட டப்பாவில் பெயர் எழுதி, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் என்ஜின் ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். பிரித்த புது பாட்டிலில் மிச்சமிருப்பதை அடுத்த வருடத்துக்கென்று எடுத்து வைக்க வேண்டாம். மூடியிருந்தாலும் ஈரம் ஏறிக்கொண்டிருக்கும்.